"பின்னாடியே வண்டி வருது": பஸ்கள் ஏன் கொத்தாக வருகின்றன?

கோடம்பாக்கத்திலிருந்து போரூர் வரை, ஆற்காடு சாலையில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் உங்கள் எண் போட்ட பஸ் ஒன்றுகூட வராது. அப்புறம் வரும், படிக்கட்டு வரை ஆள் நிரம்பி. கண்டக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "பின்னாடியே வண்டி வருது, அதுல வாங்க." யாரும் நம்புவதில்லை. முட்டி மோதி ஏறுவோம். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அதே எண்ணில் பாதி காலியான ஒரு பஸ் நம்மை முந்திக்கொண்டு போகும்.

இதற்கு நிறுத்தத்தில் நிற்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். டிரைவர்கள் டீ குடித்துவிட்டு ஒன்றாகக் கிளம்பியிருப்பார்கள். பஸ்களே போதாது. எல்லாம் மெட்ரோ வேலையால் வந்த வினை. முதல் காரணம் பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது சரிதான், ஆனால் நாம் நினைக்கிற வழியில் அல்ல.

தண்ணீர் லாரியும் குடங்களும்

கோடைக்காலத்தில் தெருத் தெருவாகப் போகும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் இரண்டு லாரிகள், ஒரு மணி நேர இடைவெளியில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் லாரி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் தாமதமாக வருகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் தெருவில் குடங்கள் கூடியிருக்கும். எல்லாக் குடமும் நிரம்பும்வரை லாரி நிற்க வேண்டும். அதனால் அடுத்த தெருவுக்கு இன்னும் தாமதமாகப் போகும். அங்கே இன்னும் அதிகக் குடங்கள்.

பின்னால் வரும் லாரியின் கதை நேரெதிர். முன்னால் போனது இப்போதுதான் எல்லாருக்கும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது. வரிசையில் நாலு குடம்தான். ஊற்றிவிட்டு விறுவிறுவென்று அடுத்த தெருவுக்குப் போய்விடும். முன்னால் போவது மெதுவாகிக்கொண்டே போக, பின்னால் வருவது வேகமாகிக்கொண்டே வர, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே தெருமுனையில் நிற்கும்.

இதில் எந்த லாரி டிரைவரும் தப்பு செய்யவில்லை. கொஞ்ச நேரத் தாமதம் ஒன்று எங்கோ நேர்ந்தது, அவ்வளவுதான்.

அதே கதை, சக்கரம் மாறி

குடங்களுக்குப் பதில் பயணிகள் என்று மாற்றிக்கொண்டால் பஸ்ஸின் கதை வந்துவிடும். ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக வரும் இரண்டு பஸ்களுக்கு நடுவே உள்ள நேரத்தை இடைவெளி என்று சொல்வோம். ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்க பஸ் நிற்கும் நேரம், நிறுத்த நேரம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. இடைவெளி கூடினால் நிறுத்தத்தில் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் நிறுத்த நேரம் கூடும், நிறுத்த நேரம் கூடினால் இடைவெளி மேலும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள். ஒருவர் ஏற 3 வினாடி. பஸ்கள் 10 நிமிட இடைவெளியில் வந்தால் நிறுத்தத்தில் 20 பேர் இருப்பார்கள், அவர்கள் ஏற 60 வினாடி ஆகும். ஒரு பஸ் மட்டும் சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்திவிட்டது. இப்போது 24 பேர், 72 வினாடி. அதாவது 12 வினாடி கூடுதல். அடுத்த நிறுத்தத்துக்கு அது 2 நிமிடம் 12 வினாடி தாமதமாகப் போய்ச் சேரும்.

12 வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 120 வினாடித் தாமதத்தில் அது 10 சதவீதம். அடுத்த நிறுத்தத்தில் 132 வினாடிக்கு 10 சதவீதம். அதற்கடுத்ததில் அதற்கும் மேல் 10 சதவீதம். வட்டிக்கு வட்டி. ஏழு நிறுத்தங்கள் தாண்டுவதற்குள் தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பாகி 4 நிமிடத்தைத் தொட்டுவிடும். பின்னால் வரும் பஸ்ஸோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் குறைந்து நேரத்தை மிச்சப்படுத்திக்கொண்டே வரும். தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே 8 நிமிடம் இருந்தது, அதே ஏழு நிறுத்தங்களில் 4 நிமிடத்துக்கும் கீழே போய்விடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் சங்கதி உண்டு. கூட்டம் அதிகமானால் ஏறுவதற்கு மட்டும் நேரம் ஆவதில்லை, டிக்கெட் கொடுக்கவும் ஆகிறது. அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதற்காகக் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். காசு கை மாறி மாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் கை மாறித் திரும்பி வரும். இப்படி ஓரமாக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்த நிறுத்தத்துக் கூட்டத்தைக் கூட்டுகிறது.

பஸ்கள் இப்படி ஒட்டிக்கொள்வதைக் கொத்து சேர்தல் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். 1964-இல் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். அவர்கள் காட்டியதன் சாரம்: யாரும் தலையிடாமல் விட்டால், சமமான இடைவெளியில் கிளம்பிய பஸ்கள்கூடத் தாமாகவே கொத்து சேரும். சமமான இடைவெளி என்பது விரல் நுனியில் நிறுத்திய குச்சி மாதிரி. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் விழத்தான் செய்யும்.

இதுவரை பார்த்ததை இரண்டு வரியில் சொன்னால்: பிந்திய பஸ் மேலும் பிந்தும், முந்திய பஸ் மேலும் முந்தும். கொத்து சேர்வதற்கு யாருடைய சோம்பேறித்தனமும் தேவையில்லை.

புள்ளிவிவரமும் பொய் இல்லை, நம் கோபமும் பொய் இல்லை

ஒரு தடத்தில் 20 நிமிடத்துக்கு 2 பஸ்கள் ஓடுகின்றன. காகிதத்தில் இது "10 நிமிடத்துக்கு ஒரு பஸ்". ஒழுங்காக 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார்.

இப்போது அதே 2 பஸ்கள் கொத்து சேர்ந்துவிட்டன. இடைவெளி 18 நிமிடம், அப்புறம் 2 நிமிடம், மறுபடி 18, மறுபடி 2. நிமிடத்துக்கு ஒருவர் நிறுத்தத்துக்கு வருகிறார் என்றால், 20 பேரில் 18 பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். அவர்கள் சராசரியாக 9 நிமிடம் நிற்பார்கள். மீதி 2 பேர் ஒரு நிமிடம். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். பஸ்ஸின் எண்ணிக்கை குறையவில்லை, டீசல் குறையவில்லை, டிரைவர் சம்பளம் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் 5-இலிருந்து 8.2 ஆகிவிட்டது.

கூட்டத்தையும் பாருங்கள். முதல் பஸ்ஸில் 18 பேர் ஏறுகிறார்கள், இரண்டாவதில் 2 பேர். ஒரு பஸ்ஸுக்குச் சராசரி 10 பேர் என்று அறிக்கை எழுதலாம், அது சரியான எண்தான். ஆனால் நெரிசலான பஸ்ஸில் போனவர்கள் 20-இல் 18 பேர். "ஒருநாள்கூட இந்தப் பஸ்ஸில் நிற்க இடம் இருந்ததில்லை" என்று பயணி சொல்வதும், "பாதி பஸ்கள் காலியாகத்தான் ஓடுகின்றன" என்று அதிகாரி சொல்வதும் ஒரே தடத்தைப் பற்றியது, இரண்டும் நிஜம். ஒருவர் பஸ்களை எண்ணுகிறார், இன்னொருவர் தான் நின்ற நேரத்தை எண்ணுகிறார்.

என்னைக் கேட்டால், பொதுப் போக்குவரத்தைப் பற்றிய பாதிச் சண்டைகள் இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் வருகின்றன.

சுரங்கம்தானே, மேலே ஏன் அடைக்கிறார்கள்?

இனி பள்ளங்களுக்கு வருவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் என்று திட்டமிடப்பட்டு, 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது சொல்லப்பட்ட செலவு 63,246 கோடி ரூபாய். 2015-இல் முதல் ரயில் ஓடிய முதல் கட்டத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். அதனால்தான் நகரத்தின் எந்த மூலைக்குப் போனாலும் தடுப்புத் தகரம் கண்ணில் படுகிறது.

உயர்த்திக் கட்டும் பகுதிகளில் சாலை ஏன் சுருங்குகிறது என்பது பார்த்தாலே புரியும். தூண் சாலையின் நடுவில் வருகிறது, அதைச் சுற்றி கிரேன் நிற்க இடம் வேண்டும். ஆற்காடு சாலையில் சில கிலோமீட்டருக்கு இரண்டு வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே போகின்றன, ஆகவே வேலையும் அந்த அளவுக்குப் பெரிது.

சுரங்கப் பகுதிகள்தான் பலருக்குப் புரிவதில்லை. ஃபிளமிங்கோ, மயில், பெலிக்கன் என்றெல்லாம் பறவைப் பெயர் வைத்த இயந்திரங்கள் ஆழத்தில் தோண்டிக்கொண்டு போகின்றன, மேலே இருப்பவர்களுக்கு என்ன தொந்தரவு? தொந்தரவு சுரங்கத்தால் இல்லை, நிலையங்களால். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள குழாயைத்தான் இயந்திரம் தோண்டுகிறது. நிலையத்தைப் பெரும்பாலும் மேலிருந்துதான் தோண்ட வேண்டும். முதலில் அந்த இடத்தில் ஓடும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். அப்புறம் சாலை மட்டத்திலிருந்தே ஆழமாகச் சுவர்களை இறக்கி, நடுவே உள்ள மண்ணை அள்ள வேண்டும். அந்த மண்ணை ஏற்றிப் போக லாரிகள் வந்து போக வேண்டும். திருமயிலை மாதிரி தரைக்குக் கீழே பல அடுக்குகளாக வரும் நிலையத்துக்கு இது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. லஸ் பக்கம் போகிறவர்கள் மாற்றுப்பாதைகளில் சுற்றுவதற்குக் காரணம் இதுதான்.

கட்டுமானம் பஸ்ஸை எங்கே அடிக்கிறது

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. ஒரு தடத்தின் எல்லா பஸ்களும், தவறாமல், சரியாக 10 நிமிடம் பிந்தினால் காத்திருப்பு அதிகமாகவே ஆகாது. முன்னால் போவதும் 10 நிமிடம் பிந்துகிறது, பின்னால் வருவதும் 10 நிமிடம் பிந்துகிறது, நடுவே இடைவெளி அப்படியே இருக்கிறது. பயணம் நீளும், ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கட்டுமானத்தின் உண்மையான கெடுதல் அது தாமதப்படுத்துவதில் இல்லை. ஒரு பஸ்ஸை 3 நிமிடமும் அடுத்த பஸ்ஸை 15 நிமிடமும் தாமதப்படுத்துவதில் இருக்கிறது.

ரயில்வே கேட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கேட் மூடியிருக்கும்போது முதலில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. 8 நிமிடம் கழித்து அதே தடத்தின் இன்னொரு பஸ் வந்து, இரண்டு கார் தள்ளி நிற்கிறது. கேட் திறந்ததும் இரண்டும் ஒன்றாக வெளியே வருகின்றன. எட்டு நிமிடம் காணாமல் போய்விட்டது. தடுப்புத் தகரங்களுக்கு நடுவே ஒற்றை வரிசையாகக் குறுகும் சாலையும் இப்படி ஒரு கேட்தான், ஒரு வித்தியாசத்தோடு: இது எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிரேன் ஒன்று குறுக்கே திரும்பினால் மூடும். மழை பெய்து தேங்கினால் நாள் முழுக்க மூடும். இந்தக் குறுகலைத் தாண்டி வெளியே வரும்போதே பஸ்கள் கொத்தாக இருக்கும், அதற்கப்புறம் வட்டிக் கணக்கு வேலை செய்யத் தொடங்கும்.

குறுகலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அகலமான சாலையில் காலியான பஸ், நிரம்பிய பஸ்ஸை முந்திப் போய் அடுத்த நிறுத்தத்துக் கூட்டத்தை ஏற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் சுமை ஓரளவு பகிர்ந்துபோகும். ஒற்றை வரிசையில் முந்த வழியில்லை. நிரம்பியதன் வாலைப் பிடித்தபடி காலியானது ஊர்ந்து வரும்.

அடுத்தது சுற்று நேரம். ஒரு பஸ் கிளம்பிய இடத்திலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி கிளம்பத் தயாராக ஆகும் மொத்த நேரம் அது. சுற்று நேரம் 120 நிமிடம், தடத்தில் 12 பஸ்கள் என்றால் 10 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். பள்ளங்களால் சுற்று நேரம் 150 நிமிடம் ஆனால், அதே 12 பஸ்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒன்றுதான் விட முடியும். பழையபடி 10 நிமிடம் வேண்டுமென்றால் இன்னும் 3 பஸ்கள், அதற்கு டிரைவர், கண்டக்டர் எல்லாம் வேண்டும். சாலை சுருங்கியதற்கு விலையாகப் பஸ்கள் கரைந்துபோகின்றன, ஒரு பஸ்ஸைக்கூட யாரும் எடுக்காமலேயே. "முன்னெல்லாம் நிறைய வண்டி ஓடுமே" என்று பெரியவர்கள் சொல்வதில் நினைவுக் கோளாறு எதுவும் இல்லை.

கடைசியாக, முனையத்தில் கிடைக்கும் ஓய்வு நேரம். டிரைவர் இறங்கி டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நிறுத்தத்தில் நிற்கும் நாம் திட்டுகிறோம். உண்மையில் ஒட்டுமொத்த ஏற்பாட்டையும் காப்பாற்றும் மெத்தை அதுதான். போன நடையில் 8 நிமிடம் பிந்தி வந்த பஸ், ஓய்வை 2 நிமிடமாகச் சுருக்கிக்கொண்டு, அடுத்த நடைக்குச் சரியான நேரத்தில் கிளம்பலாம். கட்டுமானத் தாமதம் அந்த மெத்தையை முழுசாகத் தின்றுவிட்டால், காலையில் நேர்ந்த சிக்கல் மாலை வரை நடைக்கு நடை தொடரும். ஒரு கட்டத்தில் டைம் கீப்பருக்கு ஒரு நடையையே வெட்டுவதைத் தவிர வழியிருக்காது. அந்த வெட்டிய நடைக்காகத்தான் நீங்கள் அந்த இருபத்தைந்து நிமிடம் நின்றிருப்பீர்கள்.

ஆக, கட்டுமானம் இடைவெளிகளைத் தாறுமாறாக்குகிறது, முந்தும் வழியை அடைக்கிறது, பஸ்களைக் கரைக்கிறது, ஓய்வு என்ற மெத்தையைப் பறிக்கிறது. வெறும் தாமதம் இந்தப் பட்டியலில் கடைசிதான்.

ரயிலை நிறுத்தினாலும் பஸ்ஸில்தான் வந்து நிற்கும்

2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பிப் போனது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது ரயில் பாதை போடுவதற்காக. ஏழு மாதம் என்றார்கள், 2024 அக்டோபர் 29-இல்தான் மறுபடி ஓடியது. பதினான்கு மாதம். இடைப்பட்ட காலத்தில் பாரிமுனைப் பக்கம் போக வேண்டியவர்கள் பஸ் பிடித்தார்கள், ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். நிறுத்தத்தில் நிமிடத்துக்கு 2 பேர் வந்த இடத்தில் 3 பேர் வந்தால் நம் கணக்கில் வட்டி 10 சதவீதத்திலிருந்து 15 ஆகும். ஒரு ரயில் பாதையை மூடினால், அந்தப் பகுதியில் ஓடும் பஸ்கள் முன்னைவிட வேகமாகக் கொத்து சேரும்.

பஸ்களைக் கூட்டினால் தீருமா?

கொஞ்சம் தீரும், முழுசாகத் தீராது. பஸ்கள் நெருக்கமாக ஓடும் தடத்தில் கொத்து சேர்வது இன்னும் சுலபம், எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால். எண்ணிக்கையோடு இடைவெளியைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அதில் மிகப் பழைய வழி, நிறுத்தி வைத்தல். நடுவழியில் ஓரிரு இடங்களில், முன்னதை நெருங்கிவிட்ட பஸ்ஸை இரண்டு மூன்று நிமிடம் வேண்டுமென்றே நிறுத்துவார்கள். வட்டிக் கணக்கு அங்கே அறுபடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், "சும்மா ஏன் நிக்குது?" என்று கேட்பார்கள். யாராவது ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் எரிச்சல் குறையும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு பல்கலைக்கழக வளாகப் பஸ் தடத்தில் கால அட்டவணையையே தூக்கிப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒவ்வொரு பஸ்ஸையும் முனையில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். இடைவெளிகள் தாமாகச் சமமாகிக்கொண்டன. 2012-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

இன்னொரு வழி, எதை அளக்கிறோம் என்பதை மாற்றுவது. லண்டனில் மணிக்கு ஐந்தும் அதற்கு மேலும் பஸ் ஓடும் தடங்களில், பஸ் சரியான நேரத்துக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. ஒழுங்கான இடைவெளியில் வந்திருந்தால் காத்திருந்திருக்க வேண்டிய நேரத்தைவிடப் பயணிகள் எவ்வளவு அதிகம் காத்திருந்தார்கள் என்று பார்க்கிறார்கள். பஸ் ஓட்டும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் அந்த எண்ணை வைத்துத்தான். 18 நிமிடம், 2 நிமிடம் என்று ஓட்டிவிட்டு "இரண்டு பஸ் விட்டோமே" என்று அங்கே சொல்ல முடியாது.

நிறுத்த நேரத்தைக் குறைக்கும் எதுவும் வட்டி விகிதத்தைக் குறைக்கும்: தாழ்தளப் பஸ், ஏறும் முன்பே வாங்கிய டிக்கெட், எல்லாக் கதவிலும் ஏற விடுவது. ஒருவர் ஏற 3 வினாடிக்குப் பதில் 2 வினாடி ஆனால் நம் 10 சதவீதம் ஏழுக்கும் கீழே போகும்.

கட்டுமானக் காலத்துக்கென்று எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. சாலையை அடைக்கும்போது கார்கள் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வரைபடம் போட்டு அறிவிக்கிறார்கள். அதே அறிவிப்பில், இந்தச் சாலையில் ஓடும் தடங்களின் சுற்று நேரம் இவ்வளவு கூடும், அதை ஈடுகட்ட இத்தனை கூடுதல் பஸ்கள் ஓடும், அதன் செலவு திட்டச் செலவிலேயே சேரும் என்று ஏன் இருக்கக்கூடாது? அத்தனை ஆயிரம் கோடியில் இது சில்லறைக் காசு.

கண்டக்டர் சொன்னது

இப்போது அந்த நிறுத்தத்துக்குத் திரும்புவோம். நெடுநேரம் கழித்து, நிரம்பி வழிந்தபடி ஒரு பஸ் வந்தால் பின்னால் காலியாக ஒன்று நெருங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அது காலியாக இருப்பதற்கே இது நிரம்பியிருப்பதுதான் காரணம். பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் செயலி கைபேசியில் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதை விட்டுவிடுங்கள். நீங்கள் ஏறாமல் நின்றால் முன்னால் போவதன் நிறுத்த நேரம் 3 வினாடி குறையும், உங்களுக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். காலியாக வரும் வண்டி, முன்னதுதான் எல்லாரையும் ஏற்றியிருக்குமே என்ற நினைப்பில் நிறுத்தத்திலிருந்து முப்பது அடி தள்ளி, அதுவும் அரை நிமிடம்தான் நிற்கும். ஓடத் தயாராக இருங்கள்.